மஞ்சளாகாத தட்டு

என் பெரியம்மா யாரைப் பார்த்தாலும் முதலில் அவர்கள் கையைப் பார்ப்பாள். முகமெல்லாம் அப்புறம்தான். அவள் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஸ்பிரிட் நிரப்பிய சின்ன ஸ்பிரே பாட்டில் ஒன்று இருக்கும். பஸ் கம்பி, இரவல் வாங்கிய பேனா, பக்கத்து வீட்டுக் குழந்தை ஆசையாகக் கொண்டுவந்து நீட்டிய பந்து, எல்லாவற்றுக்கும் ஒரு 'புஸ்'. வேலை செய்யும் இடத்தில் அவள் சொந்தப் பெயரை மறந்தே போய்விட்டார்கள். எல்லோருக்கும் ஸ்பிரே அக்காதான்.

"முதல் முதல்ல பொண்ணு பாக்கப் போனப்ப என் மேலயும் அடிச்சிருப்பா. பாட்டில் தீந்து போச்சு, நான் தப்பிச்சேன்" என்பார் பெரியப்பா.

"தீரல. பாத்ததுமே இது அடிச்சாலும் போகாதுன்னு தெரிஞ்சு போச்சு" என்பாள் பெரியம்மா.

படிப்புக்காக அவர்கள் வீட்டின் முன்னறையில் சில வருடங்கள் தங்கியிருந்தேன். இந்தப் பேச்சு எத்தனை முறை நடந்தாலும் இரண்டு பேரும் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்வார்கள்.

பெரியம்மா வேலை பார்த்தது ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் மேல்மாடியில், செல் வளர்க்கும் அறையில். பல வருடங்களுக்கு முன் யாரோ ஒரு நோயாளியின் குடலிலிருந்து எடுத்த செல்கள், அவர் போன பிறகும் கண்ணாடித் தட்டுகளில் பெருகிக்கொண்டே இருந்தன. அவற்றைச் சாகாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊட்ட வேண்டும். நெருக்கடி ஆனால் பிரித்து வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்பதால் பெரியம்மாவுக்கும் அது தெரியாமல் போனது. உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் பாதியில் எழுந்து, "பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போடணும்" என்று கிளம்பிவிடுவாள். விஷயம் தெரியாதவர்கள், "உங்களுக்கு ஒரே பொண்ணுதானே, அதையும் கட்டிக் கொடுத்தாச்சே?" என்று விழிப்பார்கள்.

அதற்கு முன் அவள் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். ஊசியைப் பார்த்ததும் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவளைப் பகையாளியைப் போலப் பார்த்தார்கள். "செல்லு திட்டாது, மயங்கி விழாது, பில்லு ஏன் இவ்வளவுன்னு கேக்காது" என்று சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தாள்.

வந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்பே, ஒரு விபத்து. அவள் ஊட்டும் திரவம் நல்ல ரோஸ் நிறம். அதில் கலந்திருக்கும் சாயம் புளிப்பு ஏறினால் மஞ்சளாகிவிடும். பாக்டீரியா புகுந்தால் ஒரே நாளில் அப்படி மாறும், கலங்கியும் போகும். ஒரு திங்கட்கிழமை காலை அவள் பெட்டியைத் திறந்தபோது எல்லாத் தட்டுகளும் மஞ்சளாக இருந்தன. யாருடைய கையிலிருந்தோ, எந்த மூடியிலிருந்தோ உள்ளே போன கிருமி மொத்தத்தையும் தின்றுவிட்டது. பல மாத வேலையை பிளீச் ஊற்றிக் கொட்டிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாளாம். அன்றிலிருந்துதான் ஸ்பிரே. அன்றிலிருந்துதான் இன்னொரு பழக்கமும். புதிதாக ஒரு பாட்டில் திரவம் தயாரிக்கும்போதெல்லாம், கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் உள்ள சின்னப் புட்டி ஒன்றை உறைபெட்டியிலிருந்து எடுத்து அதில் கலந்துவிடுவாள். எல்லா இடத்திலும் செய்வதுதான். ஆனால் அவள் கைக்கு அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் நிறத்தில் ஒரு துணிகூட வீட்டில் கிடையாது. மேஜை விரிப்பு மஞ்சளாக வந்தபோது கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பெரியப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். பேச்சுக்காரர். பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேரின் குடும்ப விவகாரம் அவருக்குத் தெரியும். அவருக்கு வந்ததோ, யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத நோய். பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகி, ரத்தமும் சீழுமாகப் போகும் நோய். வந்தால் வந்ததுதான், நொடியும் அடக்க முடியாது. முதலில் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்தார். பிறகு தன் தடத்தில் எந்தெந்த நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொண்டார். ஒருநாள் நடுவழியில், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே, பாலத்தின் மேல் வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. அதற்கு மேல் அந்தக் கதையை அவர் சொன்னதில்லை. பெரியம்மாதான் ஒரு வாக்கியத்தில் சொன்னாள்: "அன்னைக்கு அவர் வண்டியை ஓரங்கட்டிட்டு, எல்லாரும் இறங்குற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்கல."

அதன் பிறகு டிப்போவில் உதிரிப்பாகம் எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்கு அவரை மாற்றினார்கள். பஸ் ஓட்டிய மனுஷன் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் வாயே திறக்கவில்லை. டாக்டர் கொடுத்த பெரிய மாத்திரைகளைத் தினமும் விழுங்கி, மெல்ல மெல்லப் புண் ஆறி, ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் ஸ்டியரிங் திரும்பக் கிடைத்தது. டாக்டர் மறுபடி மறுபடி சொன்னது ஒன்றே ஒன்று: "நல்லா இருக்குன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க. நல்லா இருக்கிறதே மாத்திரையாலதான்."

பெரியப்பாவுக்கு அந்த மாத்திரைகள் மேல் தீராத கடுப்பு. "இது மாத்திரையா? ஆட்டுக்கல்லு மாதிரி இருக்கு. இதை முழுங்கினப்புறம் எதுக்குச் சாப்பாடு?" அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. டிப்போவில் வருடம் ஒருமுறை உடம்புச் சோதனை. தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அவர் கண் முன்னால் வந்து நிற்கும்.

இப்படி இருக்கும்போதுதான் பெரியம்மாவின் மேடம், அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி, புது வேலை ஒன்றைச் சொன்னார். குடலில் நல்லது செய்யும் என்று நம்பப்படும் ஒருவகை பாக்டீரியாவைச் செல்கள் மேல் உயிரோடு ஊற்ற வேண்டும். செல்லுக்குள் எந்த மரபணு வேலையைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"உயிரோடயா?" என்றாளாம் பெரியம்மா.

"உயிரோடதான்."

"மேடம், இத்தனை வருஷமா கதவைச் சாத்தி வச்சிருந்தேன். இப்ப பாம்பைக் கூப்பிட்டு மடியில உக்கார வைக்கச் சொல்றீங்க."

பாம்பை வளர்த்தவர் கீழ்மாடி பாக்டீரியாக்காரர். நல்ல மனிதர், பெரியம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவர். ஆனால் அவர் மேலே வந்தால் செல் அறை வாசலில் தரையில் ஒட்டியிருக்கும் சிவப்பு நாடாவுக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டும். நாடாவை ஒட்டியது பெரியம்மா.

"அக்கா, குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

"குளிச்சா போதாது தம்பி. மறுபடி பொறக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே பாக்டீரியா உள்ள கண்ணாடிக் குழாயை நீட்டுவார். பெரியம்மா அதற்கு முன்னும் பின்னும் ஸ்பிரே அடித்து வாங்கிக்கொள்வாள்.

மேடம் அந்த வேலையைச் சொன்ன அன்று இரவுச் சாப்பாட்டில் பெரியப்பா கேட்டார்: "மரபணு வேலையைக் கூட்டுது குறைக்குதுங்கறியே, அது என்ன, பொறக்கும்போது வந்தது வந்ததுதானே? மாறுமா என்ன?"

"ஜீன் மாறாது. எது வேலை செய்யுதுங்கறது மாறும். உங்க டிப்போவுல எல்லா வண்டியும் நிக்குதுல்ல, எல்லாம் ரோட்டுக்கு வருதா?"

"எங்க வருது? பாதி நட்டு கழண்டு நிக்குது."

"அதை விடுங்க. ஒவ்வொரு செல்லும் ஒரு டிப்போ. கண்ணுல இருக்கிற செல்லுலயும் குடல்ல இருக்கிற செல்லுலயும் ஒரே வண்டிங்கதான். இன்னைக்கு எது ரோட்டுக்குப் போகுது, எத்தனை ட்ரிப் போகுதுங்கறதுதான் வித்தியாசம். நாங்க செல்லை உடைச்சு, எந்த வண்டி எத்தனை ட்ரிப் போச்சுன்னு கணக்குப் பாக்கிறோம்."

பெரியப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "ட்ரிப்பை யாரு முடிவு பண்றது? கண்ட்ரோலரா?"

"கண்ட்ரோலர் உள்ளதான் இருக்காரு. ஆனா ஸ்டாப்புல யாரு நிக்கிறாங்கன்னு தகவல் வந்தாத்தானே அவரு வண்டி அனுப்புவாரு? குடலுக்கு ஸ்டாப்புல நிக்கிற கூட்டம் பாக்டீரியா. அதுங்க விடுற புளிப்பு, அதுங்க உடம்பு மேல இருக்கிற துண்டு துணுக்கு, எல்லாம் தகவல்தான். கூட்டத்தைப் பொறுத்து சில வண்டி கிளம்பும், சிலது நிக்கும்."

"என் குடல்ல?"

பெரியம்மா கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "உங்க குடல்ல தீயணைப்பு வண்டி ஓயாம ஓடுது. தீ இல்லாத இடத்துல போய்த் தண்ணி அடிச்சு வீட்டையே இடிக்குது. அந்த வண்டியைத்தான் உங்க மாத்திரை நிறுத்தி வச்சிருக்கு."

"உன் பாக்டீரியாவும் நிறுத்துமா?"

"அதைத்தானே பாக்கப் போறோம். நான் என்ன ஜோசியமா சொல்றேன்?"

மறுநாள் பெரியப்பா மருந்துக் கடையில் அதே சாதி பாக்டீரியா உள்ள கேப்ஸ்யூல் ஒரு டப்பா வாங்கி வந்தார். "தயிர்ல இருக்கிறவனோட பங்காளியாம். கடைக்காரன் சொன்னான்" என்றார். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்றாள் பெரியம்மா. அவர் போனில் கேட்டார். மாத்திரையோடு சேர்த்து வேண்டுமானால் சாப்பிடலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றாராம் டாக்டர். 'மாத்திரையோடு சேர்த்து' என்ற இடத்தைப் பெரியப்பா எங்களிடம் சொன்னார். தனக்கும் சொல்லிக்கொண்டாரா என்று தெரியாது.

சோதனை நடந்தது. செல்களுக்கு முதலில் அழற்சியைக் கிளப்பும் ஒரு சரக்கைக் கொடுத்தார்கள். பாதித் தட்டுகளில் அது மட்டும். மீதித் தட்டுகளில் அதோடு கீழ்மாடிக் குழாயிலிருந்து பாக்டீரியாவும். ஓர் இரவு முழுக்கப் பெட்டியில். காலையில் பெட்டியைத் திறந்தது பெரியம்மாதான். மஞ்சளைப் பார்க்கத் தயாராகத்தான் போனாள். ஆனால் தட்டுகள் எல்லாம் ரோஸாகவே இருந்தன. செல்கள் நெருக்கமாகப் பதித்த கல்தரை மாதிரி அழகாக இருந்தன. மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "உங்க கைராசியே ராசி" என்றார். செல்லை உடைத்துக் கணக்குப் பார்த்தபோது, பாக்டீரியா ஊற்றிய தட்டுகளில் அழற்சி மரபணுக்களின் வேலை நன்றாகவே குறைந்திருந்தது. இரண்டாம் முறை செய்தார்கள், அதே. மூன்றாம் முறை, அதே.

அன்று மாலை பெரியம்மா வீட்டுக்குள் நுழையும்போதே முகம் மலர்ந்திருந்தது. பையைக்கூட வைக்கவில்லை.

"என்னங்க, உங்க தீயணைப்பு வண்டி டிப்போவுக்குத் திரும்பிடுச்சு."

பெரியப்பாவின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஒரு வாக்கியம். அவள் சந்தோஷத்தில் சொன்னது அது, அவ்வளவுதான். கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லைப் பற்றித்தான் சொன்னாள். அவர் அதைத் தன்னைப் பற்றியதாகக் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு வந்த வாரங்களில் வீடு கலகலப்பாக இருந்தது. அலமாரியில் மாத்திரை அட்டைகள் வழக்கம்போல் ஒவ்வொரு குழியாகக் காலியாகிக்கொண்டு வந்தன. கேப்ஸ்யூல் டப்பாவும் காலியானது. பெரியப்பா தன் வண்டியில் ஏறுகிறவர்களிடம், "உங்க வயித்துக்குள்ள ஒரு டிப்போ இருக்கு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவாராம். மேடம் ஒரு கூட்டத்தில் முடிவுகளைச் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தார். சொல்வதற்காகத் தட்டுகளைப் படமும் எடுத்திருந்தார்கள்.

அந்தப் படங்களை ஒரு மதியம் பெரியம்மா நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, அந்தப் பக்கம் நின்ற பாக்டீரியாக்காரருக்குக் காட்டினாள். காட்டியதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பாருங்கள், உங்கள் சரக்கையும் சேர்த்து எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன் என்ற பெருமை.

அவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அக்கா, இது ஊத்துறதுக்கு முன்னாடி எடுத்ததா?"

"இல்ல தம்பி, மறுநாள் காலையில."

"மறுநாளா? இவ்வளவு ரோஸாவா?" அவர் சிரிக்கவில்லை. "நான் கொடுத்தவன் புளிப்புக்குப் பேர் போனவனாச்சே. ஒரு ராத்திரி உயிரோட இருந்திருந்தா இது மஞ்சளாகியிருக்கணுமே. உங்க திரவத்துல என்ன இருக்கு?"

பெரியம்மா படத்தை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் குளிர்பெட்டியைத் திறந்தாள். அந்தச் சோதனைக்கென்று தனியாகத் தயாரித்த பாட்டில்கள் இருந்தன. மூடியில் அவள் கையெழுத்தில் 'ஆன்டிபயாட்டிக் இல்லாதது' என்று எழுதியிருந்தது. எழுதியது நினைவிருந்தது. பிறகு உறைபெட்டியைத் திறந்தாள். புட்டிகள் அடுக்கிய அட்டைப் பெட்டியில் ஒரு வரிசை, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எடுத்ததாக நினைவே இல்லை. எடுக்காமல் இருந்ததாகவும் நினைவில்லை. மூச்சு விட்டதை யாரால் நினைவு வைத்துக்கொள்ள முடியும்?

பாக்டீரியாக்காரர் நாடாவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். "ஒரு சொட்டு கொடுங்கக்கா. கீழ கொண்டுபோய் பாத்துடறேன்" என்றார். மறுநாள் வந்தார். அந்தத் திரவத்தில் அவர் விட்ட பாக்டீரியா ஒன்றுகூட வளரவில்லை.

அத்தனை தட்டுகளிலும் அவள் ஊற்றியது உயிருள்ள பாக்டீரியாதான். ஊற்றிய சற்று நேரத்துக்கெல்லாம் அவள் கையாலேயே அவை செத்திருந்தன. தன் ரோஸ் நிறத்தைப் பார்த்து அவள் பூரித்துப் போனாளே, அதுதான் சாட்சி. எந்த நிறத்துக்கு இத்தனை வருடம் பயந்தாளோ, அந்த நிறம் வராததுதான் கோளாறு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மேடத்திடம் போய்ச் சொன்னாள். மேடம் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "நீங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் கூட்டத்துக்குத் தயாரித்த படங்களை ஒவ்வொன்றாக மூடினார். "நானும் அந்தத் தட்டைப் பாத்தேன். கைராசின்னு சொன்னது நான்தான்" என்றார் கடைசியில். பெரியம்மாவுக்கு அது ஆறுதலாக இல்லை.

அன்று அவள் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவினாள். சாப்பாட்டு மேஜையில் பெரியப்பா, "யானைக்கும் அடி சறுக்கும். என்ன நடந்துச்சு, சொல்லு" என்றார். சொன்னாள். ஆன்டிபயாட்டிக் கதை, ரோஸ் நிறம், எல்லாம். முடிவாக, "அது உயிரோட இருந்து செஞ்ச வேலை இல்லைங்க. செத்துப் போனதோட துண்டு துணுக்கு ஏதோ செஞ்சிருக்கு. உயிரோட இருந்தா என்ன செய்யும்னு எங்களுக்கு இன்னும் தெரியாது. நான் சொன்னது தப்பு" என்றாள்.

எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனுஷன், எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சமையல் மேடை ஓரமாகவே நின்றார்.

பெரியம்மா அவர் கையைப் பார்த்தாள். தண்ணீர் இருந்தது, மாத்திரை இல்லை.

"மாத்திரை சாப்பிடுறீங்கல்ல?"

அவர் தம்ளரை மறுகைக்கு மாற்றினார்.

"அட்டை காலியாகுதே?"

"டிப்போ குப்பைத்தொட்டிக்கு இப்ப வயிறு ரொம்ப நல்லா இருக்கும்" என்றார் பெரியப்பா. சிரிக்க வைக்கத்தான் சொன்னார்.

"எப்பலேர்ந்து?"

"நீ வந்து வண்டி திரும்பிடுச்சுன்னு சொன்னல்ல, அதுக்கு மறுநாள்லேர்ந்து. டிப்போ உடம்புச் சோதனைக்குப் போறப்ப மாத்திரை கிடையாதுன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லலாம்னு பாத்தேன்."

"ரத்தம் போகுதா?"

அவர் தம்ளரை வைத்தார். "நாலஞ்சு நாளா" என்றார்.

பெரியம்மா கத்தவில்லை. நான் முன்னறையில் புத்தகத்தைப் பிடித்தபடி கத்தலுக்காகக் காத்திருந்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "சட்டையை மாத்துங்க. டாக்டர் இன்னும் கிளினிக்லதான் இருப்பாரு" என்றாள். படியிறங்கும்போது அவர் சொன்னது காதில் விழுந்தது. "தப்பு உன் மேல இல்லம்மா. நீ தட்டைச் சொன்ன. நான்தான் அதை என் வயிறுன்னு கேட்டுக்கிட்டேன்."

"நானும் தட்டுன்னு சொல்லல" என்றாள் பெரியம்மா. "உங்க வண்டின்னுதான் சொன்னேன்."

டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்து, "அந்தக் கேப்ஸ்யூலைச் சாப்பிட்டது தப்பில்ல. அதை நம்பி இதை நிறுத்தினதுதான் தப்பு" என்றார். பழைய மாத்திரைகள் மறுபடி, அளவு கூட்டி. அதோடு முகத்தை உப்ப வைக்கும் வேறொரு மருந்து. குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள், ஆறியிருந்த இடமெல்லாம் திரும்பச் சிவந்திருந்தது. பெரியப்பாவின் வண்டி வேறொருவர் கைக்குப் போனது. அவர் மறுபடி ஜன்னல் கம்பிக்குப் பின்னால் போல்ட் எடுத்துக் கொடுக்கப் போனார்.

இந்தமுறை அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். டிப்போவில் கேட்டவர்களிடமெல்லாம் நோயின் பெயரைச் சொன்னார், மாத்திரையை நிறுத்திய கதையையும் சொன்னார். கேட்டவர்களில் ஒரு மெக்கானிக், தன் தம்பிக்கும் அதேதான் என்று மெதுவாகச் சொன்னாராம்.

மேல்மாடியில் சோதனை முதலிலிருந்து தொடங்கியது. பெரியம்மா தன் கையை நம்பவில்லை. உறைபெட்டியிலிருந்த சின்னப் புட்டிகளை எல்லாம் கீழ்மாடிக்கு அனுப்பிவிட்டாள். திரவம் தயாரிக்கும் நாளில் பாக்டீரியாக்காரரை வரச்சொல்லி, வாசலில் நின்று தன் கையையே பார்க்கச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் நிக்கிறதுக்கா? கால் வலிக்குது."

"உள்ள வந்து ஸ்டூல்ல உக்காருங்க."

அவர் நம்பாமல் நாடாவைப் பார்த்தார். "மறுபடி பொறக்க வேணாமா?"

"அதெல்லாம் அப்புறம் பொறந்துக்கலாம். கையைப் பாருங்க தம்பி."

பாட்டிலை மூடப்போகும் நேரத்தில் அவள் கை உண்மையாகவே உறைபெட்டிப் பக்கம் நீண்டதாம். அவர் "அக்கா!" என்று கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

அந்தத் திரவத்தில் பாக்டீரியா ஊற்றிய மறுநாள் காலை பெட்டியைத் திறந்தபோது தட்டுகள் மஞ்சள். நல்ல, கலங்கிய மஞ்சள். பிளீச் பாட்டிலை எடுக்கப் போன கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டதாகச் சொன்னாள். அப்படியே நின்று பார்த்தாளாம், இது நாம் வரவழைத்த மஞ்சள் என்று சொல்லிக்கொண்டு.

கணக்கு முன்பு போலச் சுலபமாக வரவில்லை. உயிருள்ள பாக்டீரியாவோடு சில மணி நேரம் இருந்த செல்களில் அழற்சி மரபணுக்கள் சில அடங்கின, சில அடங்கவில்லை. செல்லோடு செல்லைச் சேர்த்துப் பிடிக்கும் சங்கதிக்கான மரபணு ஒன்று வேலையைக் கூட்டியது. ஓர் இரவு முழுக்க விட்டால் புளிப்பு தாங்காமல் செல்கள் தட்டை விட்டுக் கழன்றன. குடலில் அந்தப் புளிப்பை அடித்துக்கொண்டு போக ஓட்டம் இருக்கிறது, மேலே வழவழப்பான ஒரு போர்வை இருக்கிறது. தட்டில் இரண்டும் இல்லை. செத்த பாக்டீரியா அடக்கிய மரபணுக்களும், உயிருள்ளது அடக்கியவையும் ஒன்றல்ல. மேடம் கூட்டத்துக்குப் போகவில்லை. பிறகு எழுதிய கட்டுரையில், முதல் சோதனையில் நடந்த தவற்றையும் ஒரு பத்தியில் எழுதினார்.

வீட்டில் பெரியப்பா, "என்னம்மா, வண்டி என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒரு தட்டுல, கொஞ்ச நேரத்துக்கு, சில வண்டி ட்ரிப்பைக் குறைச்சுது" என்றாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"முன்னாடி சொன்னப்ப நல்லா இருந்துச்சு" என்றார் அவர். சொல்லிவிட்டு மாத்திரை அட்டையை மேஜைக்குக் கொண்டுவந்து, அவள் கண் முன்னால் பிதுக்கி, வாயைத் திறந்து காட்டி விழுங்கினார். அவள் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

உப்பிய முகம் வடியவும், ரத்தம் நிற்கவும், உள்ளே சிவப்பு தணியவும் பல மாதங்கள் பிடித்தன. உடம்புச் சோதனையில் தினமும் மாத்திரை உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார், டாக்டரின் சான்றையும் நீட்டினார். பழைய நீண்ட தடம் கிடைக்கவில்லை. டிப்போவுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே போய்வரும் சின்னத் தடம் கொடுத்தார்கள். இரண்டு முனையிலும் கழிப்பறை உண்டு. "ராஜபாட்டை" என்றார் பெரியப்பா.

அவர் மறுபடி வண்டி எடுத்த முதல் நாள், பெரியம்மா வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு, சுற்றுவழியானாலும் பரவாயில்லை என்று அந்த வண்டியில் ஏறினாள். நானும் கூட இருந்தேன். முன்படியில் ஏறி, கம்பிக்கு ஸ்பிரே அடித்து, பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பெரியப்பா சத்தமாகக் கேட்டார்: "ஏம்மா, டிக்கெட் எடுத்தியா?"

"நீங்க மாத்திரை எடுத்தீங்களா?"

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, காலிக் குழி தெரியும்படி தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"காலிக் குழியைத்தான் அப்பவும் பாத்தேன்" என்றாள் பெரியம்மா. "சாயங்காலம் வீட்டுல வந்து வாயைத் திறங்க."

அவர் அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். பெரியம்மா உட்கார இடம் இருந்தும், இறங்கும் வரை அவருக்குப் பின்னால் நின்றுகொண்டே வந்தாள்.